விரலுக்குத் தெரியும் ஷாம்பு

தலை நிறைய நுரை. கண்ணை இறுக்கி மூடியிருக்கிறோம். கை துழாவிப் பிடித்த புட்டி ஷாம்புவா, கண்டிஷனரா? ஒரே உயரம், ஒரே வளைவு, ஒரே பம்ப். ஜோடியாக நிறுத்தினால் கடை அலமாரியில் எடுப்பாக இருக்கும் என்றுதான் இப்படிச் செய்கிறார்கள். குளியலறையில் நிற்பவரை நினைத்துச் செய்தது இல்லை.

அவரை நினைத்துப் பார்த்தது ஜப்பானின் காவோ நிறுவனம். தலைக்குக் குளிக்கும்போது இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொன்ன குறையை அவர்கள் காதில் போட்டுக்கொண்டார்கள். பார்வையற்றோர் பள்ளிகளுக்கே போய் விசாரித்தார்கள். பிரெய்ல் எழுத்தைப் பொறித்துவிடலாமே என்று நமக்குச் சட்டென்று தோன்றும். ஆனால் பார்வையில்லாத எல்லோருக்கும் பிரெய்ல் வாசிக்க வராது. நடுவயதில் பார்வை போனவர்களுக்கு அதைக் கற்பதே பெரும்பாடு. கடைசியில் 1991-ல் 'எசென்ஷியல்' ஷாம்பு புட்டியின் பக்கவாட்டில் வரிவரியாகச் சின்னப் புடைப்புகள் வந்தன. கண்டிஷனர் புட்டி வழவழவென்றே இருந்தது. அவ்வளவுதான். யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லை. கண் நன்றாகத் தெரிகிறவருக்கும் நுரைக்கு நடுவே அது உதவும்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் என் மனதில் நிற்கிறது. அந்த வரிகளுக்கான உரிமையைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் மற்ற நிறுவனங்களுக்கும் விட்டுக்கொடுத்தார்கள். கம்பெனிக்கு ஒரு குறி என்றால் விரலுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். 2000-ல் ஜப்பானியத் தொழில் தரநிர்ணயத்திலும் இது இடம்பெற்றது. பிறகு, உடம்புக்குத் தேய்க்கும் சோப்புத் திரவப் புட்டிக்கு ஒற்றைக் கோடு என்று முடிவானது.

லாலிக் வார்த்த பாரிஸ் அத்தர்ப் புட்டிகளையும், 1992-ல் வந்த முக்லேரின் 'ஏஞ்சல்' நட்சத்திரப் புட்டியையும் நான் ஆசையாகப் பார்ப்பவன்தான். இருந்தும், புட்டி வடிவமைப்பில் ஆகச் சிறந்த வேலை எது என்று கேட்டால் இந்த வரிகளைத்தான் காட்டுவேன். அமெரிக்காவின் பி அண்ட் ஜி நிறுவனத்தில், பார்வையற்றவரான சாம் லதீஃப் முன்னின்று, 'ஹெர்பல் எசென்ஸஸ்' ஷாம்புவுக்குக் கோடுகளும் கண்டிஷனருக்குப் புள்ளிகளும் கொண்டுவந்ததற்கு இன்னும் பத்தாண்டுகூட ஆகவில்லை.

ஜப்பானில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஊருக்கு வந்தபோது ஒரு ஜோடி புட்டி கொண்டுவந்தான். அதை எங்கள் தெருப் பாட்டு டீச்சர் அக்காவிடம் கொடுத்தேன். கண் அழுத்த நோயில் பார்வை இழந்தவர். தன் வீட்டு ஷாம்பு புட்டியின் கழுத்தில் எப்போதும் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருப்பார். அது அறுந்தால் அன்றைக்குத் திண்டாட்டம்தான். நான் எதையும் சொல்லவில்லை. இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வீணையில் மெட்டு தேடுவதுபோல் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினார். வரிகள் தட்டுப்பட்டதும் விரல் நின்றது.

"ரப்பர் பேண்டைக் கம்பெனிக்காரனே போட்டுக் குடுத்துட்டானா?" என்றார்.

புட்டி வார்க்கும் அச்சில் ஒருமுறை வெட்டினால் போதும், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு புட்டியிலும் வரிகள் தாமாக விழும் என்று சொன்னேன். அப்படியானால் இங்கே ஏன் செய்யவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் விடுவதாகவும் இல்லை.

"சரி, மூஞ்சிக்குப் போடற க்ரீமும் பல்லு வெளக்கற பேஸ்ட்டும் ஒரே மாதிரி ட்யூப்ல வருதே. அதுக்கு யார்கிட்ட எழுதணும்? நீ எழுது, நான் சொல்றேன்."