மலைக்கா, தேருக்கா?
(மலையடிவாரத்து ஊர்கள் – 6)

சென்ற வாரம் ராஜபாளையத்தோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. பெயர்ப் பலகையில்தான் அவ்வளவு நீளம். கண்டக்டர் வாயில் ‘வத்ராப்’ என்று சுருங்கிவிடும். பஸ் திரும்பியதும் மலை முன்னால் வந்து நின்றது. வயல், தென்னந்தோப்பு, கண்மாய்க் கரை, அதற்குப் பின்னால் மேகம் மூடிய மலைத்தொடர்.

“எய்யா, மலைக்கா, தேருக்கா?” என்று கேட்டார் பக்கத்திலிருந்த பாட்டி.

“ரெண்டுக்குந்தாம்மா.”

“அப்ப நாலு நாளு இருந்துட்டுப் போ. நடுவுல ஊருக்கு ஓடிப்போயிராத.”

மலை என்றால் சதுரகிரி, ஆடி அமாவாசை. தேர் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர், ஆடிப்பூரம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுக்கு வந்து அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் வானமே இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. ஆடியில் சூரியன் கடகத்தில் இருக்கிறது. அமாவாசையன்று சந்திரனும் அங்கே வந்து சேர்கிறது. அங்கிருந்து ஆயில்யம், மகம் கடந்து பூரத்துக்கு வரச் சந்திரனுக்கு இரண்டு முதல் நான்கு நாள் போதும். 2024இல் அமாவாசை ஆகஸ்ட் 4, தேர் 7. 2025இல் அமாவாசை ஜூலை 24, தேர் 28. ஆடியில் இரண்டு அமாவாசை விழுந்த 2023இல் மட்டும், முதல் அமாவாசையை ஒட்டிப் பூரம் வந்துவிட, மலைக் கூட்டம் இரண்டாவது அமாவாசைக்கும் திரண்டது.

நான் போனது 2025. ஜூலை 24, வியாழக்கிழமை. மலையேற்றம் தொடங்கும் தாணிப்பாறைக்கு இருட்டோடு போய்ச் சேர்ந்தேன். வனத்துறைச் சோதனையில் பைகளைத் திறந்து பிளாஸ்டிக்கை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். செய்ய வேண்டிய வேலைதான். 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் இது. அதற்கு முன்பே, 1988இலிருந்து, சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயம். நாம் நடக்கிற பாதையின் இருபுறமும் வேறு யாருடையதோ வீடு என்கிற நினைப்பு கடைசிப்படி வரை இருக்க வேண்டும்.

வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை, பலாவடிக் கருப்பர். ஒவ்வொரு பெயரும் நடப்பவர்களுக்கு ஒரு மைல்கல். “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று யாரும் கிலோமீட்டரில் கேட்பதில்லை. “நாவல் ஊத்து வந்துருச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். வழுக்குப்பாறையில் எனக்குக் கால் தடுமாறியபோது, முன்னால் போன ஒருவர் திரும்பிப் பார்க்காமலேயே தன் கம்பைப் பின்பக்கம் நீட்டினார். பிடித்து ஏறினேன். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பச்சைத் துண்டு மட்டும் நினைவிருக்கிறது.

ஓடைகளைக் கடக்கும்போது பேச்சு தானாகக் குறைந்துவிடும். 2015 மே மாதம் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்கவில்லை. மேலே பெய்கிற மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. மலைப்பாதையை இன்ன நேரம் என்று கட்டுப்படுத்துவதைச் சிலர் குறை சொல்கிறார்கள். அந்த ஓடையை ஒருமுறை கடந்தவன் என்கிற முறையில் நான் கட்டுப்பாட்டின் பக்கம்.

மேலே கோவிலில் இருக்கும் சுந்தர மகாலிங்கம் சற்றுச் சாய்ந்த லிங்கம். கூட்டத்தில் சில நொடிகள்தான் நிற்க முடிந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டேன். அமாவாசைக்கு வருகிற எல்லோருக்கும் நினைக்க ஒருவர் இருக்கிறார். அதனால்தான் இவ்வளவு கூட்டத்திலும் அந்த மலை இரைச்சலாக இல்லை.

இறங்கி, கால் நடுங்க ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது இரவு. அன்றைக்கே ஆடிப்பூர விழாவின் ஐந்தாம் நாள், ஐந்து கருட சேவை. பெரிய பெருமாள், ரெங்கமன்னார், சுந்தரராஜப் பெருமாள், திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள், திருத்தங்கல் அப்பன் ஐவரும் கருடன் மேல். ஆண்டாள் அன்ன வாகனத்தில், கையில் கிளியோடு. மாதுளம்பூ மூக்கும் மரவள்ளி இலை உடலுமாக அந்தக் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். காலையில் சித்தர் மலை, இரவில் ஆழ்வார் ஊர். ஒரே நாளில் இரண்டும் கிடைக்கும் ஆண்டு எப்போதும் வாய்க்காது.

நடு நாட்களில் பாட்டி சொன்னபடி ஓடிப்போகவில்லை. வத்ராப்பிலேயே தங்கி, பிளவக்கல் அணைக்குப் போனேன், கண்மாய்க் கரையில் காற்று வாங்கினேன். ஏழாம் நாள் சயன சேவை: ஆண்டாள் மடியில் ரெங்கமன்னார் தலை சாய்த்திருக்கும் கோலம். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் இருக்கிற கிருஷ்ணன் கோவிலில் நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெயரை நம்பி, பஸ் திரும்புகிற கிருஷ்ணன்கோவிலில் இறங்கிவிட வேண்டாம்.

ஆடிக்கு வர முடியாதவர்களுக்குப் பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம், மார்கழியில் நீராட்டு விழா. அவை வேறொரு வாரத்துக்கு.

28ஆம் தேதி, திங்கட்கிழமை. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேர் அசையும்வரை எல்லோரும் கோபுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அரசு முத்திரையில் சின்னதாகப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, பதினோரு நிலை ஆகாயத்தை மறைப்பது நம்ப முடியாத காட்சி. பிறகு ஒரு குலுக்கல். வடம் கையில் இறுகியது. தேர் நகர்ந்ததைக் கண்ணுக்கு முன்னால் உள்ளங்கை அறிந்தது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை ஒட்டியே ஓடினார்கள். அந்தச் சில அடி தூரத்தில் அவர்கள் உயிரை வைத்துத்தான் தேர் திரும்புகிறது.

ரத வீதி திரும்பும் இடத்தில் வடம் தளர்ந்து நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் வடம் பிடித்திருந்தவர் தோளில் ஒரு பச்சைத் துண்டு. கேட்க வாயெடுத்தேன். “கோவிந்தா” என்று குரல் எழும்பியது. மறுபடி இழுக்க ஆரம்பித்துவிட்டோம்.

(தொடரும்)