மூலையில் சாய்த்த கம்பு

செட்டியார்பட்டியில் நமது இல்லத்தின் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னே ஒரு மூங்கில் கம்பு எழுபது நாட்கள் சாய்ந்து நின்றது. நாட்களை எண்ணியவர் நாமல்லர். சமையல் செய்யும் அம்மா. "சாமி, இது வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கிடுறேன்" என்று ஒருநாள் அவர் கேட்டார். கொடிக்கு ஏற்ற கம்புதான். நமது நெற்றியளவு உயரம். கணுக்களைத் தேய்த்து, எண்ணெய் பூசி, ஓராண்டுக் காலம் கைபட்டுப் பழுத்த கம்பு. வேண்டும் என்று சொல்ல மனச்சான்று இடம் தரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வெட்கம் தடுத்தது. "இருக்கட்டும்மா" என்று சொல்லி நகர்ந்தோம்.

அந்தக் கம்பு நம்மிடம் வந்தது 2023ஆம் ஆண்டில். விடியற்காலையில் ஆலய முற்றத்தில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் பயிற்றுவிக்க அனுமதி கேட்டு ஆசான் ஒருவர் வந்தார். எழுபதைக் கடந்தவர், வாழ்நாளைத் தறியில் கழித்தவர், நமது திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். கட்டணம் வாங்கமாட்டார். முதல் நாளன்று வெற்றிலை பாக்கின்மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் போதும். முற்றத்தைத் தந்தோம். நமக்குச் சர்க்கரை என்று சொல்லி மருத்துவர் நடக்கப் பணித்திருந்த காலம் அது. தனியே நடப்பதைவிட இது மேல் என்று எண்ணிச் சிறுவர்களின் வரிசையில் கடைசி ஆளாக நாமும் நின்றோம். ஐம்பத்து நான்கு வயதில், அங்கியைக் கழற்றி வைத்து, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி நின்ற பங்குச்சாமியைக் கண்டு பிள்ளைகள் சிரித்தனர். சிரிக்கட்டும் என்று விட்டோம்.

சிலம்பத்தை வேடிக்கை பார்ப்பவர் கம்பையே பார்க்கிறார். ஆசானோ முதல் ஆறு வாரம் நம் கையில் கம்பைத் தரவே இல்லை. வணக்கம் செய்வது, நிற்பது, காலடி வைப்பது ஆகியவைதாம் பாடம். எந்தக் கால் முன்னே, எது பின்னே, உடலின் பாரம் எப்போது ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுகிறது என்பதையே அவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் கம்பு வந்தது. மணிக்கட்டைச் சுழற்றப் பழகும் நாட்களில் கம்பு முழங்காலிலும் கணுக்காலிலும் ஓயாமல் அடிக்கும். பூசையில் முழங்காலிடும்போது அந்த அடிகள் ஒவ்வொன்றும் தம்மை நினைவூட்டின. பிறகு ஒருநாள் கம்பு தடையின்றிச் சுழன்று 'விர்' என்று ஒலி எழுப்பியது. குருப்பட்டம் பெற்ற நாளுக்குப்பின் அத்தகைய மகிழ்ச்சியை நாம் அறிந்ததில்லை என்றால் சற்று மிகைதான், ஆயினும் பொய்யன்று.

2024 சனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பமும் அதில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முற்றத்தில் பிள்ளைகளின் கூட்டம் இருமடங்காயிற்று. சான்றிதழ் கிடைக்குமா, கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று பெற்றோர் நம்மிடம் கேட்டனர். கேட்டதில் குற்றமில்லை. எனினும் மே மாதத்துக்குள் கூட்டம் பழையபடி சுருங்கி, அதனினும் கீழே போயிற்று. ஆனி பிறந்து மலைப்பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியபோது நாமும் நின்றுவிட்டோம்.

ஏன் நின்றோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நோயில்லை, காயமில்லை. கம்பின் ஒலி பழகிப்போனது, அவ்வளவே. தொடக்கத்தில் வாரத்துக்கொன்றாய்ப் புதிது கற்றோம். பின்னர் மூன்று மாதங்களாக ஆசான் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "சாமி, இடது கால்." திரும்பும்போது நமது இடது குதிகால் தரையைவிட்டு எழும்பிவிடுகிறதாம். நேற்றும் அதே, இன்றும் அதே, நாளையும் அதுவே என்று தெரிந்தபின் ஐந்து மணிக்கு எழ மனம் வரவில்லை.

உலகில் கைப்போர்க் கலை பயிலும் யாவரும் இந்தத் திட்டில் மோதியே தீருகின்றனர் போலும். 1882இல் டோக்கியோவில் ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ மறு ஆண்டிலேயே மாணவர்க்குப் படித்தரம் வழங்கத் தொடங்கினார். 1930களில் பாரிசில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி வண்ண வண்ணமான பெல்ட்டுகளைப் பரவலாக்கினார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நெடுவழியில் களைத்துப்போகிறவர்க்கு அவை மைல்கற்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் மஞ்சள் பெல்ட், பச்சை பெல்ட் என்று பெருமையோடு சொல்வதைக் கேட்கிறோம். அதே கராத்தேயை 1922இல் டோக்கியோவுக்குக் கொண்டுவந்து காட்டிய ஃபுனாகோஷியோ, தம் இளமையில் மூன்றே மூன்று பயிற்சி வரிசைகளைக் கற்கப் பத்தாண்டுகள் செலவிட்டவர். பத்தாண்டுகள்! நாம் மூன்று மாத இடதுகாலுக்கே முகம் சுளித்தோம். நமது ஆசானிடம் பெல்ட் ஏதுமில்லை. அவர் தரும் மிக உயர்ந்த பட்டம், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பதே.

குருமடத்தில் படித்த காலத்தில், நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலையில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் எழுதியவற்றை ஒரு பாடமாக வாசித்தோம். தேர்வுக்காக வாசித்தோம், தேர்வு முடிந்ததும் மறந்தோம். அவர் 'அக்கேதியா' என்னும் ஒரு தீய எண்ணத்தைப் பற்றி எழுதுகிறார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'அக்கறையின்மை' என்பது நேர்ப்பொருள். 91ஆம் திருப்பாடலை ஒட்டி அதனை நண்பகல் பேய் என்றும் அழைத்தார். அது துறவியைப் பிடிக்கும்போது கதிரவன் நகராததுபோல் தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீளும். துறவி அறையை விட்டு வெளியே வந்து நேரம் என்ன என்று பார்ப்பார். யாரேனும் வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். இதை எழுதியவர் இதைப் பட்டவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் குருமடத்தில் நாம் கவனியாது விட்ட பகுதி வேறு. அந்தப் பேய் துறவியைப் படுத்துறங்கச் சொல்வதோடு நிற்பதில்லை. எழுந்து போய் நோயாளரைச் சந்திக்கச் சொல்கிறது.  இதைவிட நல்ல இடத்தில் இதைவிட நல்ல பணி காத்திருக்கிறது என்று காட்டுகிறது. நல்ல செயல்களின் முகமூடியை அணிந்து வருகிறது. அந்த எழுபது நாட்களில் நாம் சும்மா இருந்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. சமூகக்கூடத்துக்குக் கூரை போட்டோம். நன்கொடை கேட்டு ராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் அலைந்தோம். கூட்டத்துக்குமேல் கூட்டம் வைத்தோம். 'முற்றத்துக்கு வர நேரமில்லை ஆசான்' என்று சொல்லியனுப்பியபோது அது உண்மையாகவே இருந்தது. அதே நாட்களில் திருப்புகழ்மாலைச் செபத்தையும் பேருந்து ஓட்டத்தில் முணுமுணுத்து முடித்தோம். சில நாட்கள் முடிக்கவுமில்லை. கம்பும் செபப்புத்தகமும் ஒரே வாரத்தில் நம் கையைவிட்டு நழுவின என்பதைப் பின்னரே கண்டோம்.

இந்நிலையில் நாம் செய்த ஒரு செயலை மறைக்க விரும்பவில்லை. முற்றத்தில் பயின்ற இளைஞருள் சிறந்தவன் ஒருவன் இருந்தான். அந்த ஆண்டுதான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவன். அவன் சுற்றும்போது கம்பு கண்ணுக்குத் தெரியாது. அவனும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். ஞாயிறு பூசைக்கும் வருவதில்லை. இளைஞருக்கான ஞாயிறொன்றில் நாம் நீதிமொழிகள் நூலின் எறும்பை எடுத்துக்கொண்டு சோம்பலைச் சாடினோம். கொடைகளைப் பெற்றும் அவற்றை உறங்கவிடுகிறவர்களைக் குறித்துக் கடுமையாகவே பேசினோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் நமது ஆலயம் சிறியது, எல்லாருக்கும் தெரிந்தது. அவன் தாய் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். நமது கம்பு அப்போது கதவுக்குப் பின்னே நின்றது.

ஆகஸ்டில் ஓரிரவு ராசபாளையத்து மருத்துவமனை ஒன்றில் கடைநிலையில் இருந்த பெரியவருக்கு நோயில்பூசுதல் கொடுக்கச் சென்று, அங்கேயே தங்கி, விடிந்தபின் திரும்பினோம். ஊர் விலக்கில் இறங்கியபோது பின்னாலேயே ஒரு மில் வேனும் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களில் அவனும் ஒருவன். தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள் படிந்து இருபதாண்டு கூடுதலாகத் தெரிந்தான். "ராத்திரி ஷிப்டுதான் ஃபாதர். ஆறு மணிக்குத்தான் விடுவாங்க" என்றான். அக்காளின் நர்சிங் படிப்புக்கு வாங்கிய கடன். முற்றத்துப் பயிற்சி ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும். ஞாயிறு காலைப் பூசை ஏழுக்கு. அப்போது அவன் உறங்கிக்கொண்டிருப்பான். நமது மறையுரையைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்பது மட்டும் அவன் நம்மைப் பார்க்காமல் பேசியதிலிருந்து தெரிந்தது.

ராசபாளையத்தில் முதல் நூற்பாலை 1936இல் எழுந்தது; அன்றிலிருந்து இந்த வட்டாரத்து இளமையின் ஒரு பங்கு இரவில்தான் விழித்திருக்கிறது. இதை அறியாதவர்கள் அல்லர் நாம். பத்துப் பன்னிரண்டு வீடுகளின் கடன் கணக்கையே அறிவோம். அறிந்தும் ஒருவனிடம் ஒரு கேள்வி கேளாமல் தீர்ப்புச் சொன்னோம். வாராத அவன் சோம்பியிருக்கவில்லை. ஓடியாடிய நாமே சோம்பியிருந்தோம்.

வள்ளுவர் ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாக வைத்து, 61இல் மடியின்மையையும், 62இல் ஆள்வினையுடைமையையும், 63இல் இடுக்கண் அழியாமையையும் பாடுகிறார். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1730இல் இலத்தீனில் பெயர்த்த பகுதியில் இவையும் அடங்கும். ஊக்கத்தைச் சொன்ன உடனே மடியைச் சொல்வானேன் என்று முன்பு வியந்ததுண்டு. ஊக்கம் வந்து குடியேறிய வீட்டிலேயே மடியும் நுழைகிறது என்பதனாலோ என்று இப்போது எண்ணுகிறோம். இடுக்கண் வேறு, மடி வேறு என்று அவர் தனித்தனி அதிகாரமாகப் பிரித்தார். நாம் அந்த இளைஞனின் இடுக்கணை மடியென்று வாசித்தோம்.

மறுநாள் ஐந்தரைக்கு முற்றத்துக்குப் போனோம். ஆர்வம் திரும்பியதால் அன்று. மாலையிலும் ஒரு வேளை வைக்க இயலுமா என்று ஆசானிடம் கேட்கவே போனோம். வெறுங்கையோடு போக மனமின்றிக் கம்பையும் எடுத்துச் சென்றோம். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று அவர் கேட்பார், அதற்கென்ன சொல்வது என்று வழியெல்லாம் சொற்களைத் தேடிக்கொண்டே நடந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் நமக்குரிய இடம் காலியாகவே இருந்தது. நின்றோம். இரண்டு முறை திரும்பியிருப்போம். "சாமி, இடது கால்" என்றார், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்பவரைப் போல.

மாலை வேளைக்கு உடனே இசைந்தார். "தறியிலே நானும் ராத்திரி நின்னவன்தான் சாமி" என்றார்.

புனித இஞ்ஞாசியார் போர்வீரராக இருந்தவர். 1522இல் மொன்செராத்தில் அன்னையின் திருமுன் வாளைக் கழற்றி வைத்தவர், தம் நூலுக்கு 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்றே பெயரிட்டு, நடப்பதையும் ஓடுவதையும் அதன் முகப்பிலேயே உவமையாக்கினார். மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றலாகாது என்பது அவர் தரும் விதிகளுள் ஒன்று. அவ்வேளையில் செபத்தைச் சற்றே நீட்டுக என்பது அதனை அடுத்து வருவது. தியானங்களில் பிறருக்கு இதை நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். நமக்கு அதை விளங்கவைத்தவை ஒரு குதிகாலும் அதிகாலைக் குளிரும். அன்றும் ஆர்வம் வரவில்லை, மறுவாரமும் வரவில்லை. தோள் வலித்தது, சலிப்பாகவே இருந்தது. மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு விடியலில் கடிகாரம் அடிக்குமுன் விழித்துக்கொண்டோம். எந்த நாள் என்று குறித்து வைக்கவில்லை. செபப்புத்தகத்திலும் அப்படியே. ஏதோவொரு திருப்பாடலின் நடுவில், வாசிப்பது நின்று வேண்டுவது தொடங்கியிருந்தது.

அதற்கு முன்பே செய்யவேண்டிய ஒன்றைச் செய்தோம். அவையறியச் சொன்ன குற்றத்தை அறையில் திருத்திக்கொள்வது நேர்மையாகாது. அடுத்த ஞாயிறு அதே பீடத்தில் நின்று, சென்ற மறையுரையில் நாம் தவறு செய்தோம் என்றும், உழைத்துக் களைத்தவரைச் சோம்பேறி என்றோம் என்றும் சொன்னோம். நமது கம்பு எங்கே இருந்தது என்பதையும் சொன்னோம். சிலர் சிரித்தனர். மூன்றாம் வரிசைத் தாய் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது மாலை நான்கு மணிக்கும் முற்றத்தில் ஒரு வரிசை நிற்கிறது. அவன் வாரத்தில் இரண்டு நாள் வருகிறான்; சில வாரம் ஒருநாள்; ஷிப்டு மாறினால் அதுவுமில்லை. வராத நாளில் யாரும் கேட்பதில்லை. நம்மோடு அவன் இன்னும் தாராளமாகப் பேசுவதில்லை. சென்ற மாதம் ஆசானுக்குக் காய்ச்சல். இளையவர்களுக்குச் சொல்லித் தரும் பொறுப்பு அவனிடம் வந்தது. வரிசையைச் சுற்றி வந்தவன் கடைசியில் நம் பின்னே வந்து நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. கம்பின் நுனியால் நமது இடது குதிகாலை மெல்லத் தொட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.