தண்ணீர் கொண்டுவந்த காய்

வாய்க்காலில் முட்டி அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தென்னை நிழலில் அந்தத் தண்ணீர் பச்சையாகவும், நிழல் விலகும் இடத்தில் கண்கூசும் வெள்ளையாகவும் இருக்கும். மேலே எங்கோ ஒரு தோப்பில் உதிர்ந்த மாங்காய் ஒன்று உருண்டும் மிதந்தும் வந்து என் காலில் முட்டி நின்றது. காம்பில் பால்கூடக் காயவில்லை. எடுத்துக் கடித்தேன். புளிப்பில் காது வரைக்கும் கூசியது.

"ஆரு புள்ள அது? ஆரு தோப்புக் காயி தெரியுமா?"

கரைமேல் தோட்டத்துக்காரர் நின்றிருந்தார். கையில் தடி. அதை ஓங்கவில்லை, ஊன்றிக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. பின்னால் துணி அலசிக்கொண்டிருந்த அம்முச்சி, என் அம்மாவைப் பெற்றவர், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"தண்ணி கொண்டாந்த மாங்காய்க்குப் புள்ளைய மெரட்டறீங்களே, ஆனமலைல இருந்துட்டு இந்தப் பேச்சுப் பேசலாமுங்களா?"

அவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதர் முகம் மாறிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலீங்க, தின்னட்டும் அம்மிணி" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நாலைந்து காய்களைத் துண்டில் கட்டிக் கொண்டுவந்து கரையில் வைத்துவிட்டும் போனார். ஒரு மாங்காய்க்காக ஒரு பெரிய மனிதர் ஏன் இப்படிப் பயப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அது 1977. எனக்கு ஒன்பது வயது. பரீட்சை முடிந்த மறுநாளே கோயமுத்தூரிலிருந்து கிளம்பிவிடுவோம். கிணத்துக்கடவு தாண்டி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, ஆனைமலைச் சாலையில் இறங்குவதற்குள் காற்றில் ஈரமும் காய்ந்த தென்னை மட்டையின் வாசமும் சேர்ந்துவிடும். தெற்கே மலை நீலமாகச் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். அம்முச்சி வீட்டு ஆசாரத்தில் படுத்தால் ஆழியாற்றுக் காற்று ராத்திரியெல்லாம் வீசும்.

அன்று ராத்திரி கதை கேட்டேன். அம்முச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கதை சொல்லும்போது குரலை ஏற்றி இறக்குகிற வழக்கமும் கிடையாது. பக்கத்து வீட்டில் நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்.

நன்னன் என்று ஒரு ராசா இருந்தான். அவனுக்கு ஒரு மாமரம். காவல் போட்டு வைத்திருந்தான். அதன் இலையைக்கூட ஒருத்தரும் தொடக்கூடாது. ஆற்றோரம் நின்ற மரம், காய் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. கீழே குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதை எடுத்துத் தின்றுவிட்டாள். ராசாவின் மரம் என்று அவளுக்குத் தெரியாது. இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பன்காரன் ஓடிப்போய்க் காலில் விழுந்தான். யானை தருகிறேன், பொன் தருகிறேன் என்றான். ராசா கேட்கவில்லை. கொன்றுவிட்டான். ஊர்ச் சனம் அவளை மயானத்தில் கிடத்தியது. அவள்தான் ஆனைமலை மாசாணி. மயானத்தில் சயனித்தவள், அதனால் மாசாணி.

"அப்ப மாங்கா தின்னா அவளுக்குக் கோவம் வருமுங்களா அம்முச்சி?"

"மாங்கா தின்னதுக்குக் கொன்னவன் அவன், கண்ணு. அவ எதுக்குக் கோவிக்கறா?"

அந்த லீவில் பெரியம்மா மகன் அண்ணனும் வந்திருந்தார். கோயமுத்தூரில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் படங்கள் ஓடும் ஒரு தியேட்டரில் டிராகுலா படம் பார்த்துவிட்டு வந்திருந்தார். கரண்ட் போன ஒரு ராத்திரி, திண்ணையில் எங்களையெல்லாம் உட்காரவைத்து அந்தக் கதையைச் சொன்னார். பெட்டிக்குள் பகலெல்லாம் தூங்கும் பிரபு, கழுத்தில் இரண்டு பல் தடம், கண்ணாடியில் விழாத உருவம், வெள்ளைப்பூண்டைக் கண்டால் விலகி ஓடுவது. எங்களுக்கு ரத்தக்காட்டேரி தெரியும், முனி தெரியும். அவையெல்லாம் புளியமரத்தோடும் மேட்டுக்கிணற்றோடும் நின்றுவிடும். கோட்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் மரியாதையாக நுழையும் பேய் எங்களுக்குப் புதிது. அன்று அட்டாலியிலிருந்து ஒரு பூண்டுக் குண்டை எடுத்துப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு படுத்தேன்.

விடிகாலையில் அம்முச்சி அதைக் கண்டுபிடித்துவிட்டார். அண்ணனைக் கூப்பிட்டு, புள்ளைகளை எதைச் சொல்லிப் பயமுறுத்தினாய் என்று கேட்டார். அண்ணன், அது வெறும் கதையில்லை, அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு ராஜா இருந்தான், ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேரைக் கழுவில் ஏற்றினான், கல்லூரி நூலகத்தில் படித்தேன் என்றார்.

அம்முச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அவன் கொன்ன சனத்துக்கெல்லாம் அந்தூருல கோயிலு இருக்குதா சாமி?"

"தெரியலீங் அம்முச்சி. இருக்காதுன்னு நெனைக்கறேன்."

"அப்பப் பின்ன, கொன்னவனப் பத்தியே பேசிட்டிருக்கறாங்களா அங்க?"

அண்ணனிடம் பதில் இல்லை. இத்தனை வருசம் கழித்து, டிராகுலாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்த பிறகும், அதைவிட நல்ல கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

அந்த ராஜாவின் பெயர் விளாட். இன்றைய ருமேனியாவின் தெற்குப் பகுதியான வாலாச்சியாவை ஆண்டவன். 1431ஐ ஒட்டிப் பிறந்தான். அவன் தகப்பன் டிராகன் பெயரில் அமைந்த ஒரு கிறித்தவ வீரர் குழுவில் சேர்ந்து 'டிரகுல்' என்று பட்டப்பெயர் பெற்றான். டிரகுலின் மகன் டிராகுலா. சின்ன வயதில் தம்பியோடு துருக்கிச் சுல்தானிடம் பிணையாக விடப்பட்டான். பெற்ற தகப்பனே பிள்ளைகளை ஈடாக வைத்துவிட்டுப் போன அந்த வருசங்களில் அவன் மனம் என்ன ஆயிற்று என்று நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன்பிறகு அவன் செய்ததை அந்தச் சங்கடத்தால் மூட முடியாது. 1462இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் படையோடு அவன் தலைநகரை நெருங்கியபோது, வழியில் கழுமரக் காடு ஒன்று நின்றிருந்தது. ஆண், பெண், குழந்தை என்று 20,000 பேர் என எழுதிவைத்தார் கிரேக்க வரலாற்றாசிரியர் கால்கோகொண்டிலீஸ். அது கூட்டிச் சொன்ன தொகையாகவே இருக்கலாம். கழு என்ற சொல் நமக்கு அந்நியமானதும் இல்லை. மதுரையில் சமணரைக் கழுவேற்றிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

விளாட் செத்தது 1476 கடைசியிலோ அடுத்த ஆண்டு தொடக்கத்திலோ. சில வருசங்களிலேயே ஜெர்மானிய ஊர்களில் அவன் கொடுமைகளைச் சின்னப் புத்தகங்களாக அச்சடித்து விற்றார்கள். அச்சு எந்திரம் வந்த புதிதில் நன்றாக விற்ற சரக்கில் அதுவும் ஒன்று. அவன் சொந்த மண்ணிலோ கண்டிப்பான நியாயவான் என்று கதை வளர்ந்தது. ஊர்க் கிணற்றடியில் தங்கக் கிண்ணத்தை வைத்தானாம், அவன் காலத்தில் ஒருவரும் திருடவில்லையாம். பிறகு 1890இல் பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ்காரர், விட்பி என்ற கடற்கரை ஊர் நூலகத்தில் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது டிராகுலா என்ற பெயரைக் கண்டார். அதுவரை தன் பேய்க்கு வேறு பெயர் வைத்திருந்தவர் அதை அடித்துவிட்டு இதை எழுதினார். நாவல் 1897இல் வந்தது. ஸ்டோக்கர் அந்த நாட்டுப் பக்கமே போனதில்லை. விளாட் ஆண்டது அங்குள்ள மலைத்தொடருக்குத் தெற்கே, நாவலின் பிரபு குடியிருப்பது அதற்கு வடக்கே டிரான்சில்வேனியாவில். பெயர் ஒன்று மட்டும்தான் அவனுடையது. அது உலகமெல்லாம் சுற்றி, கோயமுத்தூர் தியேட்டர் வழியாக எங்கள் திண்ணைக்கும் வந்துவிட்டது. கழுவில் செத்தவர்களின் ஒரு பெயர்கூட வரவில்லை.

நன்னனை நான் மறுபடி சந்தித்தது கல்லூரியில். குறுந்தொகை வகுப்பு. தமிழம்மா பரணர் பாட்டு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். மகளைக் காதலனிடமிருந்து காக்க ராத்திரியெல்லாம் தூங்காமல் விழித்திருக்கிறாள் ஒரு தாய். அவளைத் தோழி சபிக்கிறாள்: பெண்ணைக் கொன்ற நன்னன் போன நரகத்துக்கே இவளும் போகட்டும் என்று. யார் அந்த நன்னன் என்று விளக்கும் இடத்தில் குளிக்கப் போன பெண் வருகிறாள், தண்ணீர் கொண்டுவந்த பசுங்காய் வருகிறது. அவளுக்கு ஈடாக 81 யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொன்னதும் அவன் கேளாமல் கொன்றதும் வருகின்றன. ஏறக்குறைய 2000 வருசப் பாட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1937இல் உ.வே.சாமிநாதையர் உரையோடு பதிப்பித்த புத்தகத்தில் இருக்கும் கதையை, கைநாட்டு வைக்கும் என் அம்முச்சி, யானை பொன் உட்பட ஒன்றும் விடாமல் எனக்கு ஆசாரத்தில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பாட்டில் கோசர்கள் அந்த மாமரத்தையே வெட்டிச் சாய்க்கிறார்கள். காவல்மரம் விழுந்தால் அரசன் விழுந்ததாகக் கணக்கு. அதற்காகத்தான் அதற்கு அவ்வளவு காவல். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் பாட்டு ஒன்று உண்டு. கோபிப் பக்கத்துப் பெருந்தலையூர்தான் அவர் ஊர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இரண்டு இளவரசர்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போகிறார் புலவர். இளங்கண்டீரக்கோவைத் தழுவிக்கொள்கிறார். பக்கத்திலிருந்த இளவிச்சிக்கோவைத் தழுவவில்லை. என்னை ஏன் தழுவவில்லை என்று அவன் கேட்க, நீ பெண்ணைக் கொன்ற நன்னன் வழியில் வந்தவன் என்கிறார். அந்தப் பையன் ஒரு பாவமும் செய்யவில்லை. இருந்தாலும் கவிஞர்கள் அந்தக் குடியை விடவில்லை. அச்சு எந்திரம் இல்லாத காலத்தில் நம் புலவர்கள் ஒரு கொலைகாரனை இப்படித்தான் ஊருக்கு ஊர் காட்டிக்கொடுத்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாட்டில் ஆனைமலை என்ற பெயர் இல்லை. நன்னன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏழில்மலை கண்ணூர்ப் பக்கம், கடலோரம் இருக்கிறது. நன்னன் என்ற பெயரில் ஒருவருக்கு மேல் இருந்திருக்கிறார்கள், மலைபடுகடாம் பாடும் செங்கம் பக்கத்து நன்னன் வேறு. ஆனால் ஆனைமலைக்காரர்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. பாலக்காட்டுக் கணவாய் வழியே உப்பும் மிளகும் வந்ததுபோல் ஒரு துக்கமும் வந்து, இங்கே ஆழியாற்றங்கரையில் தனக்கு இடம் பிடித்துக்கொண்டது என்றே நான் நம்புகிறேன்.

அந்த லீவில் வந்த அமாவாசைக்கு அம்முச்சி என்னை மாசாணி கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஆழியாறும் உப்பாறும் பக்கத்தில் ஓடுகின்றன. உள்ளே போனால் நிற்கிற சாமி இல்லை, உட்கார்ந்த சாமியும் இல்லை. பதினைந்து அடிக்கும் குறையாத நீளத்தில், தெற்கே தலைவைத்து, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறாள். நான் நினைத்து வந்த மாங்காய் தின்ற பெண் சின்னவள், என் வயது. இவ்வளவு பெரியவளாக எப்படி ஆனாள் என்று அம்முச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன்.

பிறகு நீதிக்கல்லுக்குப் போனோம். பொருளைப் பறிகொடுத்தவர்கள், அடிபட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் வரமிளகாயை ஆட்டுக்கல்லில் அரைத்து அந்தக் கல்லில் பூசுவார்கள். குற்றம் செய்தவனுக்கு அந்தக் காந்தல் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. மூன்று மாதத்தில் நியாயம் கிடைத்துவிட்டால் திரும்பி வந்து, கல்லுக்கு எண்ணெய்க் காப்புச் செய்து குளிரவைக்க வேண்டும். அன்று காற்றே சிவப்பாக இருந்தது போல எனக்கு நினைவு. இருமிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

கிணற்று மோட்டார் திருடு போனதற்காகத்தான் அம்முச்சி வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். மடியிலிருந்து மிளகாயை எடுத்து அரைத்தார். நெடி தாங்காமல் நான் தூணுக்குப் பின்னால் போனேன். அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. விழுதை வழித்துக் கல் முழுக்க அழுத்திப் பூசினார். பிறகு குனிந்து, காதோடு பேசுவதுபோல் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். நான் அதுவரை கேட்டிராத பெயர்.

அது அவர் தங்கையின் பெயர் என்று அம்மா எனக்குச் சொன்னது பல வருசம் கழித்து. பதினேழு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகாமல் புருசன் வீட்டுக் கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் சேந்தும்போது கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அந்தக் காலத்தில் அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, கேஸ் ஒன்றும் ஆகவில்லை. அம்முச்சி மட்டும் வருசத்துக்கு ஒரு தடவை மிளகாய் அரைத்தார். எண்ணெய்க் காப்புக்குப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் சொன்ன பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுக்குச் சொன்னது.

வெளியே வந்தோம். ஆற்றில் இறங்கி அம்முச்சி கையை மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எரிச்சல் போகவில்லை. விரலெல்லாம் சிவந்து தடித்திருந்தது. நான் ஊதிவிட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் கூடையில் மாங்காய் வைத்து ஒரு பாட்டி விற்றுக்கொண்டிருந்தார். அம்முச்சி ஒன்று வாங்கிப் படிக்கல்லில் தட்டி உடைத்து என்னிடம் கொடுத்தார்.

"நீங்க தின்னுங் அம்முச்சி."

"கைய வாய்ல வெக்க முடியாது கண்ணு, காந்துது."

ஒரு துண்டைப் பிய்த்து நானே அவர் வாயில் வைத்தேன். புளிப்பில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்படியே கொஞ்ச நேரம் மூடியே இருந்தார். பொள்ளாச்சி பஸ் வந்தபோது நான்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஏற்றினேன்.