துண்டுக்கு அடியில்

பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டின் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர்கள் கையைத் துண்டால் மறைத்து, விரல் பிடித்துப் பேசுவார்கள். மாமா நாற்பது வருஷம் அப்படிப் பேசியவர். 2019-ல் ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தையிலேயே, வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின.

மூளையின் இடது பாதியில் ரத்தக் குழாய் அடைத்தால் இரண்டும் சேர்ந்து போகலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தபோது அது தாண்டியிருந்தது.

2012-ல் வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிக்கு உதவியது. வீடு திரும்பியபின் மருந்து, பயிற்சி, பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம்: இதற்கெல்லாம் தெரிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

"நீதான் எழுதறவனாச்சே கண்ணு. நாலு பேரு மனசு எறங்கற மாதிரி எழுது" என்றாள் அத்தை.

எழுதினேன். இத்தனை வருஷம் என் எழுத்திலிருந்து விலக்கிவைத்த சொற்கள் – ஏழ்மை, கருணை, கண்ணீர் – கூசாமல் வந்து உட்கார்ந்தன. கடைசியில் தொகை, எண்ணாலும் எழுத்தாலும்.

மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். தொகை வந்ததும் இடது கையால் போர்வைக்குள் என் விரல்களைப் பிடித்தார். இரண்டை மடக்கி ஒன்றை அழுத்தினார். குறைக்கச் சொன்னாரா, கூட்டச் சொன்னாரா, கேட்கவே வேண்டாமென்றாரா? எனக்கு அந்த பாஷை தெரியாது.

கையெழுத்துப் போடப் பழகியிருந்தவர். இடது பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டேன். தொகையை மாற்றவில்லை.