கறுத்த விரல்நுனிகள்

நம் கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, விடுதி நினைவுகளையும் துடுப்பாட்ட வெற்றிகளையும் என்னினும் நன்றாக எழுதவல்லார் பலர் இருப்பர் என்று எண்ணி, மலைநாட்டிலே இரசாயனம் கற்பித்த காலத்தில் என் மாணவன் ஒருவன் கேட்ட வினாவையே பொருளாகக் கொண்டேன். இக்கல்லூரியின் ஆய்வுகூடத்திற் கற்றது எனக்குக் கைகொடுத்த இடங்களுள் இஃது ஒன்று.

அவன் ஹட்டனை அடுத்த தோட்டம் ஒன்றின் லயத்திற் பிறந்தவன். தாயும் தமக்கையும் கொழுந்தெடுப்பவர்கள். தோட்டத்துத் திருவிழாக்களிற் பாடும் இசைக்குழு ஒன்றில் அவன் மின்கிற்றார் வாசித்து வந்தான். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து இடக்கையை விரித்தான். நான்கு விரல்களின் நுனியும் மையில் தோய்த்தாற்போலக் கறுத்திருந்தன. "சேர், இதே கிற்றாரைத்தான் டவுன் பையனும் வாசிக்கிறான். அவனுக்குச் சவர்க்காரம் போட்டால் போய்விடுகிறது. எனக்குப் போவதில்லை. என் இரத்தத்தில் ஏதும் பழுதா?" என்றான். அந்த நண்பன் அதனை 'லயத்துக் கை' என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். விளையாட்டுத்தான், ஆயினும் அதன்பின் இவன் மேடையில் விளக்கொளி படாத மூலையிலே நின்று வாசிக்கத் தொடங்கியிருந்தான். வாசிப்பதையே விட்டுவிடும் எண்ணமும் இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வினாவின் முதற் பாதிக்கு விடை எளிது. மின்கிற்றாரின் ஒலி, தந்தியின் அடியிலுள்ள காந்தத்தையும் கம்பிச் சுருளையும் நம்பியது. காந்தப் புலத்தில் தந்தி அதிர, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலேயன்றி வேறன்று. ஆகவே தந்தி காந்தத்துக்கு இசையும் உலோகமாதல் வேண்டும். மெல்லிய தந்திகள் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சிட்ட உருக்கு. தடித்தவை, உருக்குக் கம்பியின்மேல் நிக்கல் பூசிய உருக்கைச் சுற்றியவை. வியர்வையிலுள்ள உப்பும் இலற்றிக்கமிலமும் பூச்சுத் தேய்ந்த இடத்தைப் பற்றி அரிக்கின்றன. அரிப்பினால் எழும் ஒட்சைட்டும், உராய்வில் உதிரும் நுண்ணிய உலோகத் துகளும், தோலின் எண்ணெயோடு குழைந்து கரிய பசையாகின்றன. வாசிப்பவரின் விரலில் ஒட்டுவது இப்பசையே. மின்னில்லாத கிற்றாருக்கு இடும் தந்திகளிற் செம்பு மிகுதி. அவற்றை வாசிப்பவர் விரலிற் பச்சை நிறம் தோன்றுதல் உண்டு. (வெண்கலத் தந்தி என்று கடையில் விற்பவற்றுள் ஒருவகை, செம்பு எண்பது பங்கும் நாகம் இருபது பங்கும் சேர்ந்தது, நம் வீட்டுப் பாத்திரக் கணக்கில் அது பித்தளையே.)

இதில் நாணுதற்கு ஏதுமில்லை என்பதற்கு வீணையே சான்று. வீணை பயில்வோரின் இடக்கைச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் பார்த்தவர், நுனியின் குறுக்கே தந்தி பதித்த கரிய கோட்டைக் கண்டிருப்பர். விரல் வழுக்கிச் செல்லும்பொருட்டு எண்ணெய் தொட்டு வாசிக்கும் வழக்கம் உண்டாதலின், உருக்குத் தந்தியின் கருமை அவ்வெண்ணெயோடு கோட்டிலே தங்கிவிடுகிறது. அக்கோட்டைப் பயிற்சியின் அடையாளமாகப் பெருமையோடு காட்டுபவரை நான் அறிவேன். கிற்றாருக்கு மட்டும் அப்பெருமையை மறுப்பது முறையன்று.

ஆனால் அவன் வினாவின் உயிர் பிற்பாதியில் இருந்தது. ஒரே கிற்றார், ஒரே தந்தி. ஒருவன் கையிற் போகிற கறை மற்றவன் கையிற் போகாதது ஏன்? விடுமுறை நாட்களில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, தாயோடு மலைக்குப் போவதாகச் சொன்னான். பல தோட்டங்களில் நாட்கூலியை முழுமையாகப் பெற 18 கிலோவை ஒட்டிய கொழுந்து எடுக்கவேண்டும். மகனின் இரண்டு கைகளும் தாய்க்கு உதவின.

தேயிலைக் கொழுந்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொலிபீனோல் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள். இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளும்போது கசியும் சாறு, காற்றுப்பட்டு நொதியத்தின் துணையால் ஒட்சியேற்றம் அடைந்து கபிலமாகிறது. தொழிற்சாலையில் பச்சை இலையைக் கறுப்புத் தேயிலையாக்கும் அதே மாற்றம், எடுப்பவளின் விரலிலும் நாள்தோறும் நிகழ்கிறது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்ட நாள்முதல் இம்மலைகளிற் கொழுந்தெடுத்த பெண்களின் கைகளில் இக்கறை ஏறியவாறே இருக்கிறது. தேயிலையைப் பற்றி எழுதப்பட்ட நூல்களோ மணத்தையும் நிறத்தையும் பேசுமளவுக்கு அக்கைகளைப் பேசுவதில்லை.

இத்தகைய துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் நிகழ்வது நம் முன்னோர் நன்கறிந்த ஒன்று. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியை இட்டு எழுதுமை செய்தார்களே, அதே செயல். கொழுந்துச் சாறு ஊறிய விரல், உருக்குத் தந்தியை மணிக்கணக்காக அழுத்துகிறது. வியர்வை இரும்பைக் கரைத்துக் கொடுக்கிறது. தோலின் வெடிப்புகளுக்குள்ளேயே மை பிறக்கிறது. சவர்க்காரத்துக்கு அது எளிதில் அசையாது.

சொல்லைவிடக் காட்சி வலியது ஆதலால், மறுநாள் ஆய்வுகூடத்தில், பூச்சைச் சுரண்டிய பழந்தந்தித் துண்டுகளைக் கடுஞ்சாயத் தேநீரில் இட்டு வைத்தோம். அடுத்த காலை குவளை முழுவதும் நீலங்கலந்த கருமை. அதிற் பாதியை எடுத்துத் தேசிக்காயைப் பிழிந்தோம். அமிலம் இரும்பைப் பிரித்தெடுக்க, கருமை கலைந்து மீண்டும் தேநீர் நிறம் தலைகாட்டிற்று. (நான் தேசிக்காய் என, அவன் எலுமிச்சை என, வகுப்பு இருபக்கமாகப் பிரிந்து சிறிது நேரம் வீணாயிற்று.) அவன் அப்பொழுதே எஞ்சிய பாதிக் காயை விரலிலே தேய்த்தான். முழுவதும் போகவில்லை, ஆனால் பெரும்பகுதி வெளுத்தது.

இதைப் படிக்கும் இளையோருக்கு ஒன்று கூறவேண்டும். விரல்நுனி நிறமாற்றம் யாவும் கறையல்ல. அழுத்தத்தாற் குருதி கன்றியது ஊதாவாகத் தோன்றிச் சில நாளில் மாறும். சிவந்து அரித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். நுவரெலியாக் குளிரில் விரல்கள் வெளிறி, நீலமாகி, பின் சிவந்தால் அது குருதிக் குழாய்களின் சுருக்கம். அடிக்கடி நேர்ந்தால் மருத்துவரை நாடுதல் நன்று. தந்திக் கறைக்கோ, வாசிக்குமுன் கைகழுவுதலும், முடிந்தபின் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்தலும், துருவேறியவற்றை மாற்றுதலும் போதும்.

அடுத்த தவணையில் அவனைக் கண்டபோது தாயும் இப்போது மாலையில் எலுமிச்சை தேய்ப்பதாகச் சொன்னான். கையின் வெடிப்புகள் எரிவதாக அவள் முறையிட்டாளாம். புண்ணுள்ள கையில் தேய்க்கவேண்டாம், தேங்காயெண்ணெய் பூசட்டும் என்று சொல்லியனுப்பினேன். அவ்வாண்டுத் திருவிழாக் கச்சேரிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மூன்றாவது பாட்டில் கிற்றார் தனித்து ஒலிக்கும் இடம் வந்தபோது அவன் முன்னே வந்து விளக்கின் கீழ் நின்றான். விரல்கள் கறுப்பாகவே இருந்தன.