நாற்பது வயதில் ஐஸ் மேல் கால் வைத்தால்... முதலில் காட்டிக்கொடுப்பது முழங்கால்!

1992 பிப்ரவரி, பிரான்ஸின் ஆல்பர்வில் நகரம். குளிர்கால ஒலிம்பிக்ஸில் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் இறுதிச் சுற்று. ஐந்தடி உயரம்கூட இல்லாத ஜப்பான் பெண் ஒருவர் ஐஸ் நடுவில் வந்து நிற்கிறார். பெயர் மிடோரி இட்டோ. வயது 22. தங்கம் அவருக்குத்தான் என்று ஜப்பானில் பலரும் முடிவே கட்டியிருந்தார்கள்.

ஆனால், முதல் சுற்றிலேயே விழுந்து நான்காவது இடத்துக்குப் போயிருந்தார் இட்டோ. இறுதிச் சுற்றில் தன் பிரம்மாஸ்திரமான 'ட்ரிபிள் ஆக்ஸல்' தாவலை எடுத்தார். அந்தரத்தில் மூன்றரைச் சுற்று. இறங்கும்போது நிற்க முடியவில்லை. விழுந்தார். அதோடு விட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மூச்சு வாங்கும் கடைசிக் கட்டத்தில், அதே தாவலை மறுபடியும் எடுத்தார். இந்த முறை நின்றார். ஒலிம்பிக்ஸில் ட்ரிபிள் ஆக்ஸல் செய்த முதல் பெண் அவர்தான்.

கிடைத்தது வெள்ளி. அதற்காக அவர் தன் நாட்டு மக்களிடம் மன்னிப்பு கேட்டார். ஆம், ஒலிம்பிக் வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்பு! 98 மார்க் வாங்கிவிட்டு, "மீதி ரெண்டு எங்கே?" என்று கேட்கும் அப்பா முன்னால் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதே மிடோரி இட்டோ 19 வருடங்கள் கழித்து, 2011-ல், ஜெர்மனியின் தென்கோடியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஓபர்ஸ்டோர்ஃப் என்ற சிற்றூரில் மீண்டும் ஐஸில் இறங்கினார். வயது 41. இறங்கியது பெரியவர்களுக்கான போட்டியில். 'பெரியவர்கள்' என்றால் இங்கே சாம்பியன்கள் என்று அர்த்தமில்லை. வேலைக்குப் போகிறவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், சின்ன வயதில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள், நாற்பதில் முதன்முதலாக ஷூ மாட்டியவர்கள்... இவர்களெல்லாம் பொழுதுபோக்காக ஸ்கேட்டிங் செய்கிறவர்கள். சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் இவர்களுக்காக 2005-ல் இந்தப் போட்டியைத் தொடங்கியது. அமெரிக்காவில் அதற்குப் பத்து வருடம் முன்பே, 1995-லேயே, பெரியவர்களுக்கான தேசியப் போட்டி வந்துவிட்டது.

இங்கே வயதுவாரியாகப் பிரிவுகள், திறமைவாரியாகவும் பிரிவுகள். கீழ்ப்படியான 'பிரான்ஸ்' பிரிவில் ஒற்றை ஆக்ஸலுக்குக்கூட அனுமதி கிடையாது. அதாவது, ஒன்றரைச் சுற்று சுற்றவே அனுமதி இல்லாத ஒருவரும், மூன்றரைச் சுற்றை ஒலிம்பிக்ஸில் செய்துகாட்டிய ஒருவரும் அந்த வாரம் ஒரே அரங்கின் ஐஸைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கண்ணில் படுவது யார்? உயரமாகத் தாவுகிறவர் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் அது உண்மையில்லை என்று தெரிந்துவிடும்.

எந்த ஊர் ஐஸ் அரங்கத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வயது வந்தபிறகு கற்றுக்கொள்ள வந்தவரை ஐந்து நொடியில் கண்டுபிடித்துவிடலாம். முகத்தைப் பார்க்க வேண்டாம். முழங்காலைப் பார்த்தால் போதும். குச்சி மாதிரி விறைத்து நிற்கும்.

காரணம் வயதல்ல, கணக்கு. ஐந்து வயதுக் குழந்தை மூன்றரை அடி உயரத்திலிருந்து விழுகிறது. எழுந்து, உடையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஓடுகிறது. விழுவதும் அதற்கு விளையாட்டில் ஒரு பகுதி. நாற்பது வயதுக்காரர் அப்படியா? 'மணிக்கட்டு உடைஞ்சா நாளைக்கு ஆபீஸ் என்ன ஆகும், வீட்ல யார் சமைப்பாங்க, ஸ்கூட்டரை யார் ஓட்டுவாங்க' என்று முழு பட்ஜெட்டையும் போட்டுவிட்டுத்தான் ஐஸில் கால் வைக்கிறார். அந்தக் கணக்கு நேராக முழங்காலில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பயத்தில் விறைக்கும் முழங்கால்தான் ஆளைக் கீழே தள்ளுகிறது. முழங்கால் மடங்காவிட்டால் கணுக்காலும் மடங்காது. எடை குதிகாலுக்கோ நுனிக்கோ போய்விடும். பிளேடின் முன்நுனியில் ரம்பம் போலப் பற்கள் இருக்கின்றன. 'டோ பிக்' என்பார்கள். தாவலுக்கு உந்தவும், சுழலவும் உதவுவது அதுதான். ஆனால், எடை தெரியாமல் முன்னால் சாய்ந்தால் அந்தப் பற்கள் ஐஸைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் என்ன, முகம் குப்புறத்தான். இதில் கூடுதலாக, பயந்தவர்கள் காலைப் பார்த்துக்கொண்டே போவார்கள். தலை கனமானது. அது குனிந்தால் தோளும் பின்னாலேயே போகும்.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். அரைமண்டியில் உட்காராமல் ஆடினால் எந்த ஆசிரியரும் விட மாட்டார். "இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு" என்று தட்டுக்கழி தாளம் போடும். ஐஸ் அரங்கத்தில் தட்டுக்கழி இல்லை, அவ்வளவுதான். உலகம் முழுக்க ஸ்கேட்டிங் கோச்சுகள் நாள் முழுக்கக் கத்துவதும் அதையேதான்: "முழங்காலை மடி!"

முழங்கால் மடங்கிய பிறகுதான் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் உண்மையான கதை தொடங்குகிறது. அந்தக் கதை பிளேடில் இருக்கிறது. பார்ப்பதற்குக் கத்தி மாதிரி தெரிந்தாலும், அதன் அடிப்பக்கம் ஒற்றை முனை அல்ல. சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம். பள்ளத்தின் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்புகள். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கத்து விளிம்பு மட்டும் ஐஸில் இறங்கும். அப்போது ஸ்கேட்டர் நேர்கோட்டில் போக மாட்டார், ஒரு வளைவில் போவார். சாய்வு அதிகமானால் வளைவும் ஆழமாகும். தாவல், திருப்பம், சுழற்சி எல்லாமே இந்த வளைவிலிருந்து பிறப்பவை.

சாயப் பயப்படுகிறவர் இரண்டு விளிம்பிலும் நின்றுகொண்டு நேராகவே போவார். கரகரவென்று சுரண்டும் சத்தம் கேட்கும். ஒரே விளிம்பில் முழு எடையையும் ஒப்படைத்தவருக்கு அந்தச் சுரண்டல் கிடையாது. பட்டுத்துணியைக் கிழிப்பது போல ஒரு நீண்ட சத்தம் மட்டும். அரங்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே நன்றாக ஸ்கேட் செய்பவர் எந்தப் பக்கம் வருகிறார் என்று சொல்லிவிடலாம்.

ஒற்றை ஆக்ஸலைக்கூடத் தொடாத ஒரு பெரியவர், ஒரு காலில் சாய்ந்து அரைவட்டம் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல் அந்த வளைவை அதன் கடைசிவரை கொண்டுபோகும்போது, பக்கத்தில் சர் சர்ரென்று சுற்றும் பிள்ளைகளை விட்டுவிட்டு நம் கண் அவர்மேலேயே நிற்கிறது. காரணம் எளிது. சாய்வது என்றால் நம்புவது. விழக்கூடும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் நம்புவதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

தாவலிலும் இதேதான். பெரும்பாலும் முதலில் கற்றுக்கொடுக்கும் தாவல் 'வால்ட்ஸ் ஜம்ப்'. ஒரு காலில் முன்னோக்கிக் கிளம்பி, காற்றில் அரைச் சுற்று சுற்றி, மறுகாலில் பின்னோக்கி இறங்க வேண்டும். அரைச் சுற்றுதான். டிவியில் நான்கு சுற்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது தாவலாகவே தெரியாது. ஆனால், முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது தரையை விட்டுவிட்டு, முதுகு காட்டி இறங்குவது என்பது நாற்பது வயது மூளைக்குச் சம்மதமில்லாத காரியம். பலர் குதித்ததுமே, 'அப்பாடா, உயிர் பிழைத்தோம்' என்று அடுத்த காலையும் கீழே வைத்துவிடுவார்கள். கைகளை விரித்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, இறங்கிய வளைவிலேயே இரண்டு நொடி வழுக்கிப் போகிறவர் தனியாகத் தெரிவார். அந்த இரண்டு நொடிக்குள் ஏகப்பட்ட மாதங்கள் இருக்கின்றன.

விழாமலே கற்கலாமா என்றால், முடியாது. மிடோரி இட்டோவைவிட நல்ல உதாரணம் இதற்குக் கிடையாது. 1991 உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு தாவலுக்கு அவர் எடுத்த வேகத்தில், சுற்றுச்சுவரில் டிவி கேமராவுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாக ஐஸைத் தாண்டி வெளியிலேயே போய் விழுந்தார்! எழுந்து, மறுபடி உள்ளே வந்து, ஆட்டத்தைத் தொடர்ந்தார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் போட்டி நடந்தது மியூனிக்கில். அவர் 41 வயதில் திரும்பி வந்த ஓபர்ஸ்டோர்ஃபும் அதே பவேரியா மாநிலத்தில்தான் இருக்கிறது.

எனவே, பெரியவர்களுக்கான வகுப்பில் முதல் பாடமே எப்படி விழுவது என்பதுதான். முழங்காலை மடித்து, பக்கவாட்டில் இடுப்போரமாக உட்காருவது போல விழ வேண்டும். கையை ஊன்றக் கூடாது. ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். உள்ளே பஞ்சு வைத்த ஷார்ட்ஸ், கையுறை, ஆரம்பத்தில் ஹெல்மெட்டும் போடலாம். இதையெல்லாம் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துவிட்டுப் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இளம் ஸ்கேட்டர்களிடம் இல்லாத ஒன்று பெரியவர்களிடம் இருக்கிறது. 'கார்மென்' ஓபரா இசைக்கு ஆடாத ஸ்கேட்டரே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது இந்த விளையாட்டில் தேய்ந்துபோன ஒன்று. பதினான்கு வயதுப் பெண் அதற்கு ஆடும்போது, இந்த இடத்தில் காதல், இந்த இடத்தில் துரோகம் என்று கோச் சொல்லிக்கொடுப்பார். பெண்ணும் அழகாகச் செய்துவிடும். ஐம்பது வயதில் ஆடுகிறவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை! பெரியவர்களுக்கான போட்டிகளில் 'ஆர்ட்டிஸ்டிக்' என்றே தனிப் பிரிவு இருப்பது இதனால்தான் அழகு. அங்கே தாவலின் கடினத்துக்கு மதிப்பெண் இல்லை. இசையோடு எப்படி இழைந்தார், எப்படி வெளிப்படுத்தினார் என்பதற்குத்தான். பாட்டின் பாவத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து, கேலரியைப் பார்த்துக் கையை நீட்டுகிறவர் அங்கே ஜெயிக்கிறார்.

ஆனால், அந்த நிமிர்தல்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஐஸ் என்பது ஒளிந்துகொள்ள இடமில்லாத வெள்ளை மைதானம். சுமார் இரண்டு நிமிடம், தனி ஆளாக, மினுமினுக்கும் உடையில், எல்லாரும் பார்க்க நிற்க வேண்டும். 'இந்த வயசுல இது தேவையா?' என்ற குரல் கேலரியிலிருந்து வர வேண்டியதில்லை. அது உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக்கின் கதையை இங்கே பலரும் சொல்வார்கள். 2000-ல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற அமெரிக்கப் பெண். இடுப்புக் காயங்களால் 17 வயதிலேயே விலகி, அழகுக்கலைத் துறையில் வேலைக்குப் போய்விட்டார். பல வருடம் கழித்து அலுவலக ஒன்றுகூடல் ஒன்றில், சீட்டு எடுத்துப் பதில் சொல்லும் விளையாட்டு. 'தோற்கவே மாட்டோம் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?' என்று வந்த கேள்விக்கு, ஒலிம்பிக் தங்கம் வெல்வேன் என்று பதில் சொன்னார். 33 வயதில் திரும்பி வந்தார். 2024-ல் மான்ட்ரியலில், கனடாவுக்காக மேக்ஸிம் டெஷாம்ப்ஸுடன் ஜோடிப் பிரிவில் உலக சாம்பியன். வயது 40! அருமையான கதைதான். ஆனால், பொழுதுபோக்கு ஸ்கேட்டர்களில் பெரும்பாலானோரின் கதை இது அல்ல. அவர்களுக்கு உலகப் பட்டம் வரப்போவதில்லை என்று முதல் நாளே தெரியும். தெரிந்தும் வருகிறார்கள்.

இட்டோவும் 2011-ல் பதக்கக் கணக்குக்காக வந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 1989-லேயே உலக சாம்பியன் ஆனவர். 1998-ல் நாகானோ ஒலிம்பிக்ஸ் தீபத்தை ஏற்றிவைத்தவர். ஓபர்ஸ்டோர்ஃபுக்கு அதன்பிறகும் அவர் வந்திருக்கிறார். அந்த ஐஸில் அவர் யாரிடமும் மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கவில்லை.

மற்றவர்களுக்குப் போட்டி முடிந்ததும் ஊர் திரும்பும் ரயிலும் விமானமும் காத்திருக்கும். திங்கள்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங்கில் ஒருவர் நாற்காலியில் கொஞ்சம் ஒருக்களித்து உட்காருவார். "என்ன ஆச்சு?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். "ஒண்ணும் இல்லை, விழுந்துட்டேன்" என்பார். எங்கே, எப்படி என்று கேட்டால்தான் போனை எடுத்து வீடியோவைக் காட்டுவார். அதிலும், விழுந்த இடத்தைத் தள்ளிவிட்டு, அந்த இரண்டு நொடியிலிருந்து.