வாசிபட்ட காசு

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரினின்றும் மூதாட்டியார் ஒருவர், மீனாட்சியம்மைக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்த சில்லறையைத் தாளாக மாற்றும்பொருட்டு மதுரைக்கு வந்தார். நாற்று நட்டும் களை பறித்தும் பல்லாண்டு சேர்த்த பொருள் அஃது. பேருந்திற் பத்து ரூபாய்க் காசைக் கொடுத்தார்க்கு, 'இது செல்லாது' என்னும் விடையே கிடைத்தது. முதலிற் புக்க வங்கியில், எண்ண ஆளில்லை யென்று திருப்பிவிட்டனர்.

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபொழுது இறைவன் நாடோறும் இருவர்க்குக் காசு அருளினான். அப்பரடிகள் காசு வட்டமின்றி மாறிற்று. பிள்ளையார் காசு வாசிபட்டமையின் அவர் மடத்தில் அடியார்க்கு அமுது தாழ்த்தது. அப்பர் கைத்தொண்டு செய்தவராதலின் அவர் காசுக்கு வாசியில்லை யென்பது பெரியபுராணம். இம்மூதாட்டியார் காசும் கைத்தொழிலால் வந்ததன்றோ! அதற்கு வாசி சொல்வது எங்ஙனம்?

பத்து ரூபாய்க் காசின் பதினான்கு வடிவங்களும் செல்லுமென ரிசர்வ் வங்கி 2018-ஆம் ஆண்டு ஜனவரி 17-ல் அறிவித்துளது. அதனை யறிந்த பிறிதொரு வங்கியின் காசாளர், நூறு நூறாகப் பையிலிட்டு அவற்றை ஏற்றுத் தாள் கொடுத்தார். எஞ்சியன கால் ரூபாய்க் காசுகள். 2011-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் அவை செல்லாதன.

"இவற்றை எறிந்துவிடலாம், பாட்டி."

"சாமிக்கு முடிந்ததையா, ஐயா?"

காசாளர் வாய் திறந்திலர். மூதாட்டியார் அவற்றையும் தாளோடு சேர்த்து முடிந்துகொண்டு அம்மன் சந்நிதித் தெருவில் நடந்தார்.